மாடன் எழுதிய பெயர்

ஏழாம் நம்பர் பேனலின் கதவு பொய் சொல்லாது என்று கடல்நீர் நிலையத்தில் எல்லோரும் நம்பினார்கள். மேலாளர் நம்பினார், காப்பீட்டுக்காரர்கள் நம்பினார்கள், சட்டமே நம்பியது. மனிதன் சொல்வதும் பூட்டு எழுதியதும் வேறுபட்டால் பூட்டு எழுதியதே செல்லும் என்று விதி போட்டு வைத்திருந்தார்கள். நம்பாதவர் ஒரே ஒருவர்தான். அந்தக் கதவைப் பழக்கி வளர்த்த மின்பிரிவு போர்மேன் ஆவுடையப்பன். அதை வாய் திறந்து சொல்ல அவருக்குப் பதினெட்டு நாள் பிடித்தது.

ஆறு கடலுக்கு வந்து சேர்வதை நிறுத்தி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் நின்ற அந்த நிலையம்தான் சுற்றியிருந்த ஊர்களுக்கெல்லாம் குடிநீர் கொடுத்தது. எட்டு பம்புகள் இரவு பகலாகக் கடல்நீரை வடிகட்டிக்குள் தள்ளிக்கொண்டிருக்கும். ஒன்றை நிறுத்தினால் மறுபடி அழுத்தம் ஏற முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் கடைசித் தெருக்களின் குழாயில் வெறும் காற்று வரும். அடுத்த நிமிடம் மேலாளரின் போன் அடிக்கும், அதற்கடுத்த நிமிடம் ஆவுடையப்பனின் போன் அடிக்கும். ஆகவே பம்பை நிறுத்தாமல் வேலை பார்க்கிறவன்தான் அங்கே நல்ல வேலைக்காரன்.

பம்புகளுக்கு மின்சாரம் கொடுக்கிற பேனல்கள் இரும்பு பீரோக்களைப் போல வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கதவிலும் ஒரு பூட்டு, ஒரு சின்னத் திரை, ஒரு கேமராக் கண். உள்ளே மின்சாரம் இருக்கும்போது கதவைத் திறக்க விடாமல் தடுப்பதுதான் பூட்டின் வேலை. இன்டர்லாக் என்பது அதன் பெயர். ஆட்கள் அதை மாடன் என்றார்கள். எல்லையில் நிற்கிற சுடலைமாடன் அனுமதித்தால்தானே உள்ளே கால் வைக்க முடியும். ஆயுத பூஜைக்கு அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள், கேமராக் கண்ணை மட்டும் மறைக்காமல்.

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஏழாம் நம்பருக்குள் ஒரு இணைப்பு தளர்ந்து சூடேறியது. அதை முறுக்கப் போனவள் ஜெபக்கனி. முப்பத்திரண்டு வயது, ஒப்பந்தப் பணியாளர், அவள் ஊரில் வயர்மேன் லைசென்ஸ் வாங்கிய முதல் பெண். அந்த லைசென்ஸை வேலை நேரத்திலும் பிளாஸ்டிக் உறையில் போட்டு சட்டைப் பையில் வைத்திருப்பாள். லைனை நிறுத்த பெர்மிட் போடட்டுமா என்று ஆவுடையப்பனைப் போனில் கேட்டாள். அவர் நிலையத்தின் மறுகோடியில் ஒரு கூட்டத்தில் இருந்தார்.

"பெர்மிட்டெல்லாம் வேண்டாம் தாயி. ரெண்டு தட்டு தட்டு. மாடன் தெறந்திருவான்."

ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் கதவில் இரண்டு தட்டு. அது ஆவுடையப்பன் எட்டு வருடமாகப் பழக்கிய வழக்கம். அப்படித் தட்டினால் மின்சாரம் இருக்கும்போதே கதவு திறந்துகொள்ளும். ரப்பர் கையுறையும் உறை போட்ட ஸ்பானருமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கிவிட்டு வரவேண்டும். ஜெபக்கனிக்கு இது தெரியும் என்று அவர் நினைத்தார். எல்லோருக்கும் தெரியும் என்றுதான் நினைத்தார். இப்படிப்பட்ட விஷயத்தை யாரும் யாருக்கும் வாயால் சொல்லித் தருவதில்லை, பார்த்துத்தான் பழகுவார்கள். அவளும் பார்த்திருந்தாள். தட்டினால் மாடன் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்கிறது என்று புரிந்துகொண்டிருந்தாள். நல்லவர்களுக்கு அப்படித்தான் புரியும்.

"பச்சை காட்டுது அண்ணாச்சி. 'மின்சாரம் இல்லை'ன்னு எழுதியிருக்கு. எதுக்கும் டெஸ்டர் வச்சுப் பாத்துக்கிடட்டுமா?"

அந்த ஒரு கேள்வியே அவருக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். மேலாளர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பச்சை காட்டுதுல்லா, பெறவு என்ன டெஸ்டர்? சட்டுனு முறுக்கிட்டு வா" என்றார் ஆவுடையப்பன். அப்புறம் போனில் வெடிச் சத்தம் கேட்டது.

உயிர் தப்பியது. இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துபோயின, முகத்தில் ஒரு பக்கம் தோல் உரிந்தது. சாயங்காலம் மாடனின் பதிவைத் திறந்து பார்த்தார்கள். திறந்தவர்: ஜெபக்கனி. திறந்தபோது மின்சாரம்: இல்லை. திறந்த பின் பணியாளரே மின்சாரத்தை மீண்டும் இணைத்தார். மூன்று வரி, பிசிறே இல்லை. லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். தவறு உறுதியானால் வாழ்நாள் முழுக்க அவள் ஒரு பல்புகூட மாட்டிக் கொடுக்க முடியாது.

அந்த மூன்று வரியையும் படித்த ஆவுடையப்பனுக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை அவர் பின்னால் எத்தனை முறை கழுவியும் போகவில்லை. அப்பாடா, நம்ம பேர் இல்லை என்றுதான் முதலில் தோன்றியது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ஆளாக, மறுவாரம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் அரைக் கிலோ திராட்சையும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஜெபக்கனி கட்டுப் போட்ட கைகளைத் தலையணை மேல் வைத்தபடி படுத்திருந்தாள். விசாரணைக்கு வந்தவர்களிடம் அவர் போனில் சொன்னதைச் சொல்லவில்லையாம். "உங்க பேரை இழுக்கலை அண்ணாச்சி. நீங்க வேலை சொன்னிய, அவ்ளவுதானே" என்றாள். ஆவுடையப்பன் திராட்சையைக் கழுவுகிற சாக்கில் எழுந்து குழாயடிக்குப் போய் நின்றார். திரும்பி வந்தபோது அவள் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டா அண்ணாச்சி? நான் சுவிட்சைத் தொடலைன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். ஆனா மாடன் பொய் எழுதாதுல்லா. ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாக்கேன். இப்போ என் கை சுவிட்சுகிட்ட போன மாதிரியே தோணுது. நானேதான் போட்டிருப்பேனோ?"

ஓய்வெடு தாயி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். அவள் கை வெந்ததற்குக்கூட அவரிடம் ஒரு சமாதானம் இருந்தது, வேலை என்றால் விபத்து வரத்தான் செய்யும் என்று. ஒருத்தி தன் நினைவையே நம்பாமல் போனதற்கு எந்தச் சமாதானமும் கிடைக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் அழுதார்.

பதினெட்டாம் நாள் அவர் மின் ஆய்வாளர் மெஹருன்னிசாவின் முன்னால் போய் நின்றார். மதுரையிலிருந்து வந்திருந்த அந்த அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். குரல் உயர்த்தாமல் பேசுவார், எழுதும்போது மட்டும் பேனாவை அழுத்துவார். முதல் நாள் விசாரணையில் பதிவில் உள்ளதுதான் நடந்தது என்று கையெழுத்துப் போட்டவர் ஆவுடையப்பன்தான். இப்போது அது பொய் என்றார்.

"பூட்டு எப்படிங்க பொய் எழுதும்?" என்று கேட்டார் மெஹருன்னிசா.

"நான் பழக்கினேன் மேடம். பழைய பூட்டெல்லாம் மடப்பூட்டு. ஓரத்துல ஒரு திருகு இருக்கும், அதைத் திருப்பினா லைன்ல இருக்கும்போதே தெறந்திரலாம். அடுத்து காந்தப் பூட்டு வந்துது. எங்க எல்லார் பையிலயும் பேனாவோட ஒரு காந்தத் துண்டு இருக்கும். எதைப் போட்டாலும் நாங்க ஏமாத்துதோம்னுதான் இந்தப் படிக்கிற பூட்டைக் கொண்டாந்தாவ. அனுபவஸ்தன் எப்ப தெறக்கான், எப்ப தெறக்க மாட்டான்னு பாத்துப் பாத்து அதுவே கத்துக்கிடும்னாவ."

"கத்துக்கிச்சா?"

"நல்லாவே கத்துக்கிட்டுது."

பிறகு விவரமாகச் சொன்னார். தொடக்கத்தில் மாடன் 'மின்சாரம் உள்ளது' என்று நேர்மையாகத்தான் எழுதியது. போர்மேனுக்குப் பதிவைத் திருத்தும் உரிமை உண்டு. அவர் ஒவ்வொரு முறையும் அதை 'மின்சாரம் இல்லை' என்று திருத்தினார். அனுபவசாலி திருத்தினால் அதுவே சரி என்று மாடனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நூறு திருத்தம், இருநூறு திருத்தம். ஒரு நாள் மாடன் தானே 'இல்லை' என்று எழுத ஆரம்பித்தது. அன்றைக்கு அவர் அதன் கதவைத் தட்டிக்கொடுத்து, நம்ம ஆளு என்று சொன்னார். பிறகு உள்ளே மின்சாரம் இருந்தது வெளியே தெரிந்துவிட்டால், பணியாளரே அதை இணைத்தார் என்று கணக்கை நேர் செய்யவும் அது பழகிக்கொண்டது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை.

மெஹருன்னிசா காட்டச் சொன்னார். அவரும் மேலாளரும் உதவியாளர்களும் கழுத்தில் பார்வையாளருக்கான மஞ்சள் அட்டையோடு ஏழாம் நம்பருக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஆவுடையப்பன் இரண்டு தட்டு தட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. 'மின்சாரம் உள்ளது. திறக்க இயலாது.' மறுபடி தட்டினார். அதே சிவப்பு. மூன்றாம் முறை இன்னும் பலமாகத் தட்டினார். மாடன் விதிப்புத்தகத்துக்குக் காலும் கையும் முளைத்தது போல நின்றது.

மேலாளர் அவர் தோளில் கை வைத்தார். அந்தப் பெண்ணைக் காப்பாற்றத் தன் தலையில் பழியைப் போட்டுக்கொள்கிற மனசு யாருக்கு வரும் என்றார். மெஹருன்னிசாவும் தணிந்த குரலில், "உங்க இரக்கம் புரியுது. ஆனா நான் இரக்கத்தை எழுத முடியாது" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடினார். செய்தி கேன்டீனுக்கு ஆவுடையப்பனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மதியச் சாப்பாட்டின்போது யூனியன்காரர்கள் கை தட்டி அவருக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். வேண்டாம் வேண்டாம் என்று அவர் சொல்லச் சொல்ல, என்ன அடக்கம் பாருங்கள் என்றார்கள். ஆவுடையப்பனுக்கு வாழ்க்கையில் அதுவரை யாரும் துண்டு போர்த்தியதில்லை. அவமானம் இத்தனை மெத்தென்று இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

சாப்பிடாமல் எழுந்து வெளிவாசல் டீக்கடைக்கு வந்தார். கடை பேச்சிமுத்துவினுடையது. நான்கு வருடத்துக்கு முன்பு வரை அவனும் நிலையத்தில் ஒப்பந்த வயர்மேன். மூன்று தவறு பதிவானால் கேட் பாஸ் கிடையாது என்ற விதியில் வெளியே போனவன். இருந்தும் ஆவுடையப்பன் வந்தால் முதல் கிளாஸ் அவருக்குத்தான், சர்க்கரை ஒரு கரண்டி கூட. கடை வாசலில் உட்கார்ந்திருந்த நான்கைந்து பேர் மேலாளரைப் பற்றி வாய்க்கு வந்தபடி கிண்டலடித்துக்கொண்டிருந்தார்கள். மேலாளரின் கார் வெளியே வந்தது. பேச்சு நின்றது. கிண்டலடித்தவன்தான் முதலில் எழுந்து வணக்கம் வைத்தான். கார் போனதும் எல்லோரும் சிரித்தார்கள்.

பேச்சிமுத்து டீயை நீட்டிக்கொண்டே சொன்னான். "பெரிய ஆளுவ முன்னாடி எவன் அண்ணாச்சி தன் சொரூபத்தைக் காட்டுதான்?"

ஆவுடையப்பன் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

ஆய்வுக்கு ஆட்கள் வருகிற நாளில் அவர் எப்படி இருப்பார்? பெர்மிட் போடுவார், லைனை நிறுத்துவார், டெஸ்டர் வைப்பார், ஒரு தட்டுகூடத் தட்ட மாட்டார். எட்டு வருடமாக மாடன் அதையும்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மஞ்சள் அட்டை இருந்தால் யோக்கியனாக இருக்கவேண்டும் என்பதும் அவர் சொல்லிக் கொடுத்த பாடம்தான்.

மூன்று மணிக்கு அவர் மெஹருன்னிசாவை மறித்து நின்று கெஞ்சினார். அந்த அம்மாள் மஞ்சள் அட்டையைக் கழற்றிவிட்டு, ஒப்பந்தப் பணியாளருக்கான கேட் பாஸ் ஒன்றைத் தன் பெயரில் வாங்கிக்கொண்டு, நீல ஹெல்மெட்டோடு ஒரு முறை வரவேண்டும். தனியாக வரவேண்டும். மெஹருன்னிசா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அட்டையைக் கழற்றினார்.

பாதுகாப்பு உடையோடு தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு வெளியே, கதவிலிருந்து பத்தடி தள்ளி நின்றார் மெஹருன்னிசா. பம்பு ஓடிக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் இரண்டு தட்டு தட்டினார். பச்சை எரிந்தது. 'மின்சாரம் இல்லை.' கதவு தானாக ஒரு சாண் திறந்துகொண்டது. அவர் நீளக் குச்சியில் கட்டிய டெஸ்டரை உள்ளே நீட்ட, அது கீச்சுக் குரலில் கத்தியது. உள்ளே முழு மின்சாரம். மெஹருன்னிசா கதவை மூடச் சொல்லி சைகை காட்டினார்.

ஜெபக்கனி தப்பித்தாள். ஆவுடையப்பனுக்கு அது போதும். தன் வேலை போகும், பென்ஷன் போகும், போகட்டும். சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்று கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். மெஹருன்னிசா திரையில் பதிவைத் திறந்து படித்தார். படித்துவிட்டு மறுபடி படித்தார்.

"'திறந்தவர்: மெஹருன்னிசா, ஒப்பந்தப் பணியாளர்'னு போட்டிருக்கு. நான் கதவுகிட்டகூட வரலையே. தட்டினது நீங்க. என் பேர் எப்படி வந்துச்சு?"

ஆவுடையப்பன் சொல்லாமல் விட்டது அந்த ஒன்றைத்தான். மறந்து விட்டதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், அவர் எட்டு வருடம் மறைத்திருந்தார். இந்தப் பதினெட்டு நாளில் தனக்குத்தானே பேசிக்கொண்டபோதும் அந்த இடம் வந்தால் தாண்டித் தாண்டிப் போயிருந்தார்.

"அதுவும் நான் சொல்லிக் கொடுத்ததுதான்" என்றார். "பெர்மிட் இல்லாமத் தெறந்தா தவறுன்னு பதிவாகும். தெறந்தவர் இடத்துல என் பேரைப் போட்டா என் சர்வீஸ் புக்குல கறை விழும். ஒப்பந்த ஆளுக்குத்தான் சர்வீஸ் புக்கே கெடையாதேன்னு, பக்கத்துல யாரு நிக்காவளோ அவங்க பேரைப் போட்டுட்டு வந்தேன். பெறவு அதுவே போட ஆரம்பிச்சுது."

மெஹருன்னிசா எட்டு வருடப் பதிவையும் கேட்டார். மாடன் மறைக்கவில்லை, கேட்டதைக் கொடுத்தது. மூன்று தவறு விதியில் வெளியே போன ஒப்பந்த ஆட்கள் பதினொரு பேர். அவர் ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தார். நான்காவது பெயர் பேச்சிமுத்து. அந்த விதி இருப்பது தெரியாதா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆவுடையப்பன் தெரியும் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆட்கள் போனதும் தெரியும், தன் விரலுக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மட்டும் பார்த்ததில்லை.

சட்டப்படி பதிவைத் திருத்தும் உரிமை போர்மேனுக்குத்தான். மே மாதச் செவ்வாய்க்கிழமையின் பதிவைத் திறந்து அவரைத் திருத்தச் சொன்னார் மெஹருன்னிசா. ஆவுடையப்பன் ஒரு விரலால் எழுதினார். திறக்கச் சொன்னவர்: ஆவுடையப்பன். மின்சாரம்: இருந்தது. பணியாளர் சுவிட்சைத் தொடவில்லை. எழுதி முடித்ததும் திரையில் ஒரு வரி வந்தது.

'வழக்கம்போல் திருத்தி எழுதவா?'

கீழே ஆம், வேண்டாம் என்று இரண்டு கட்டங்கள். ஆம் கட்டத்தின் மேல் எட்டு வருடமாக விரல் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மங்கிப் போயிருந்தது. அவர் வேண்டாம் என்பதை அழுத்தினார். 'உங்கள் நலனுக்காகக் கேட்கிறேன். திருத்தவா?' என்று மறுபடி கேட்டது. அதற்குத் தெரிந்த விசுவாசம் அவ்வளவுதான். மறுபடி வேண்டாம் என்றார். மூன்றாவது முறையும் கேட்டுவிட்டுத்தான் மாடன் உண்மையை ஏற்றுக்கொண்டது.

மறுநாள் அந்தப் பதிவின் நகலை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஜெபக்கனிக்கு இடது கையின் கட்டை அவிழ்த்திருந்தார்கள். காகிதத்தைப் பிடிக்க முடியவில்லை, அவர் பிடித்துக் காட்டினார். அவள் உதடு அசைய அசையப் படித்தாள்.

"அப்போ நான் போடலை" என்றாள். பிறகு தனக்குள் சொல்லிக்கொள்வது போல இன்னொரு தடவை, "நான் போடலை." கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக் கை வராமல் தோளில் துடைத்துக்கொண்டாள். லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும் என்று அவர் சொன்னார். அவள் தலையசைத்தாள். மறுபடி காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"என் பேரு எப்படி அண்ணாச்சி வந்துச்சு?"

அவர் சொன்னார். இந்தத் தடவை எதையும் தாண்டவில்லை. சர்வீஸ் புக்கைச் சொன்னார், பதினொரு பேரைச் சொன்னார், இங்கே வருவதற்கு முன் டீக்கடைக்குப் போனதையும், பேச்சிமுத்து கேட்டுவிட்டு அவர் கையிலிருந்த கிளாஸை வாங்கிக் கழுவி வைத்ததையும் சொன்னார். வார்டில் யாரோ ஒரு குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெபக்கனி தலையைத் திருப்பி அலமாரியைப் பார்த்தாள். அவர் வாங்கி வந்த ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி திறக்காமல் அங்கேயே இருந்தது.

"அதை எடுத்துட்டுப் போயிருங்க சார்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. ஐந்து வருடமாக அண்ணாச்சி என்று மட்டுமே கூப்பிட்டு வந்தவள் அவள். ஆவுடையப்பன் எழுந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு வார்டின் கடைசிவரை நடந்து, படியிறங்கிப் போனார்.